ஜோசபின் அக்காவும் உள்ளறை இல்லாத கிட்டாரும்

பிரான்சிஸ், நீங்கள் சொன்னது பொய்.

ஜோசபின் அக்காவுக்குச் சுருதி போய்விட்டது என்று பாடகர் குழுவில் இருபது பேர் முன்னால் நின்று சொன்னீர்களே... அது பொய். வேண்டுமென்றே சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல்தான் சொன்னீர்கள். ஆனால் தெரியாமல் சொன்னதால் அது உண்மையாகிவிடுமா?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் முழிப்பது தெரிகிறது. யார் இந்த பிரான்சிஸ், எந்த அக்கா, இவன் ஏன் காலையிலேயே கத்துகிறான் என்று கேட்பீர்கள். பொறுங்கள். சொல்கிறேன். போன வாரம் லிஃப்டுக்குள் குடை விரித்து நின்ற மனிதரைப் பற்றி எழுதியபோது சிரித்தீர்கள். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவு.

உங்களுக்குத் தெரியும், எனக்கு வேலை ஏர்கான் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்குக் கிட்டார் வாசிப்பேன். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பெரிய வாசிப்பெல்லாம் இல்லை. பத்துப் பன்னிரண்டு கார்ட், அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு, தெரியும். தாளம் ஓடாமல் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

பிரான்சிஸ் எங்கள் பாடகர் குழுவின் தலைவர். கீபோர்டு அவர் கையில். நன்றாக வாசிப்பார். சட்டை எப்போதும் கசங்காது.

ஜோசபின் அக்கா பதிலுரைப் பாடல் பாடுகிறவர். பைபிளிலிருந்து முதல் வாசகம் முடிந்ததும் ஒருவர் தனியாக எழுந்து நின்று பாடுவாரே, அந்தப் பாடல். எங்கள் கோயிலில் அதற்குக் கீபோர்டு கிடையாது. கிட்டார் மட்டும்தான். ஃபாதருக்கு அப்படித்தான் பிடிக்கும். ஆக, அந்த மூன்று நிமிடம் மேலே இரண்டே பேர். அக்காவும் நானும்.

பதினோரு வருடமாக அப்படித்தான் நடந்தது.

பிறகு நான் புதுக் கிட்டார் வாங்கினேன்.

அதுவும் நானாக வாங்கவில்லை. என் பழைய கிட்டார் சாதாரண மரப் பெட்டி. அதற்கு முன்னால் ஒரு மைக்கை வைத்துத்தான் சத்தத்தைப் பிடிப்போம். ஸ்பீக்கர் சத்தம் அந்தப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் புகுந்து 'ஊ...' என்று ஊளையிடும். ஒரு நாள் நற்கருணை நேரத்தில், எல்லோரும் கண்ணை மூடி முழந்தாளிட்டிருக்கும்போது ஊளையிட்டது. முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது. பூசை முடிந்ததும் பிரான்சிஸ் வந்தார்.

"அண்ணே, இது சரிப்படாது. ஊளையிடாத கிட்டாரா ஒண்ணு பாருங்க."

பார்த்தேன். நகரத்துக்குள் ஒரு பழைய ஷாப்பிங் சென்டரின் மாடியில் கிடைத்தது. மெல்லிய உடம்பு. நடுவில் ஓட்டை கிடையாது. உள்ளே காலியிடமும் கிடையாது. முழுக் கட்டை. கம்பிகள் வந்து உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை இருக்கும். கம்பி அதிர்ந்தால் அந்தப் பட்டை அதை மின்சாரமாக்கி வயரில் அனுப்பும். மைக் வேண்டாம். ஊளை வராது. கொன்றாலும் வராது.

சத்தமும் வராது. அதுதான் விஷயம்.

சாதாரண கிட்டாரில் கம்பியைத் தட்டினால் அந்தச் சத்தம் உடனே உங்களிடம் வருவதில்லை. முதலில் உள்ளே போகும். அந்த மர அறையில் கொஞ்சம் நடக்கும். சுவரைத் தொடும். மூச்சு வாங்கும். பிறகுதான் வட்ட ஓட்டை வழியாக வெளியே வரும். வீட்டுக்குள் போய் முகம் கழுவிவிட்டு வாசலுக்கு வருகிற ஆள் மாதிரி அதில் ஒரு தெளிச்சி இருக்கும். என் புதுக் கிட்டாரில் அந்த வீடே இல்லை. கம்பியிலிருந்து நேராகத் தெருவுக்கு.

முதல் ஞாயிறு வாசித்து முடித்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்:

"அண்ணே, அது கிட்டாரா இல்ல பிஸ்கட் டின்னா லா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பைத்தியம். அந்தச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். மூன்று மாதம் வேறு நினைப்பே இல்லை. ஏணியில் நின்று ஏர்கானைக் கழுவும்போதும் அதே நினைப்பு. தண்ணீர் ஒழுகும் சத்தத்தில் கூட ஒரு கார்ட் கேட்கும்.

கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்தப் பத்தியைப் படிப்பீர்கள் என்றால், நான் செய்ததையெல்லாம் சொல்கிறேன். பிரயோஜனப்படும். முதலில் பேட்டரியை மாற்றினேன். பாதி உயிர் போன பேட்டரி இருந்தால் இந்தக் கிட்டார்கள் மூக்கால் பேசும். பிறகு கம்பிகள். பளபளவென்று கத்தும் கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் அடங்கிய கம்பிகள் போட்டேன். ஒரு கம்பி மட்டும் மற்றவற்றைவிட மெலிதாகக் கேட்டது. அந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் மேடு பள்ளம். தேய்த்துச் சமமாக்கி வைத்தேன். ஆறு கம்பியும் ஒரே அளவில் பேச ஆரம்பித்தன. கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் பிக்கைத் தூக்கி எறிந்தேன். கட்டைவிரல் சதையால் வாசித்தேன். கையையும் கழுத்துப் பக்கமாக நகர்த்தினேன். அங்கே கம்பி தளர்ந்து, இனிப்பாக இருக்கும். கிட்டாரிலேயே ட்ரெபிள் என்கிற மேல்சத்தத்தைக் குறைத்தேன். கடைசியாக ஒரு நண்பரிடம் ஒரு சின்னப் பெட்டியை இரவல் வாங்கினேன். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதைப் போட்டால், இல்லாத மர அறையை இருக்கிற மாதிரி காட்டும்.

ஆங் மோ கியோவில் என் வீட்டில், சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

எப்படிச் சொல்வது... மதியம் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கின் துணிகள் கம்புகளில் மெதுவாக ஆடுகின்றன. நான் ஒரே ஒரு கார்டைத் தடவி விடுகிறேன். அந்தச் சத்தம் சோபாவைத் தாண்டி, மேசையைத் தாண்டி, சமையலறை வாசல் வரைக்கும் போய் நிற்கிறது. போக மனசில்லாத விருந்தாளி மாதிரி. நான் அசையவில்லை. அசைந்தால் போய்விடும் என்று பயம். துணிகள் ஆடுவதும் கம்பி ஆடுவதும் ஒன்றுதான் என்று அப்போது நிச்சயமாகத் தோன்றியது. இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அதே கிட்டார். அதே பெட்டி. அதே கட்டைவிரல். ஞாயிறு கோயிலில் போட்டால்... பிஸ்கட் டின்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ரூம் குளிரவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் ஏர்கானைத் திறக்கமாட்டேன். எங்காவது ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பாதி வேலை அங்கேயே முடியும். இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன். வருகிற புது ஆட்களிடம் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் வீட்டில் நன்றாகக் கேட்பது கோயிலில் டின்னாகக் கேட்டால் அதற்கு நான் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? கோயில் கூரை உயரம்! இப்படி ஒரு புத்திசாலி.

ஒரு நாள் ஜூரோங்கில் வேலை முடித்து ரயிலில் வரும்போது தூங்கிவிட்டேன். ஒரு பெரிய மர அறைக்குள் நடப்பதாகக் கனவு. கதவு இல்லை. மேலே வட்டமாக ஒரு ஜன்னல். அதிலிருந்து தேன் நிறத்தில் வெளிச்சம் இறங்கித் தரையில் வட்டமாகக் கிடக்கிறது. சுவரில் கை வைத்தால் லேசாக நடுங்குகிறது. யாரோ வெளியே பாடுகிறார்கள். என்ன பாட்டு என்று தெரியவில்லை. ஆனால் கால் வழியாக அது ஏறுகிறது... முழங்கால், வயிறு, நெஞ்சு. எழுந்து பார்த்தால் தோ பாயோ. ஆங் மோ கியோ தாண்டி மூன்று ஸ்டேஷன். எதிரே நின்ற பெண்மணி என் கருவிப் பையைத் தன் காலுக்கு நடுவில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

இந்த மூன்று மாதமும் நான் இப்படி மிதந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஆள் மூழ்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஜோசபின் அக்கா. பதிலுரைப் பாடலில் முதல் வரி சரியாக இருக்கும். இரண்டாவது வரியில் லேசாக இறங்கும். மூன்றாவதில் நான் ஓர் இடம், அவர் ஓர் இடம். முகத்தைப் பார்த்தால் தெரியும், அவர் எதையோ தேடுகிறார். இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி. அடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கடுத்த ஞாயிறும்.

எங்கள் கோயிலின் பங்குத் திருவிழா நெருங்கியது. அன்றைக்கு எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்து ஒரே பூசை. அதில் பதிலுரைப் பாடல் தமிழில். வருடா வருடம் அக்காதான் பாடுவார். ஆங்கிலப் பூசைக்காரர்கள்கூட நின்று கேட்கிற பாட்டு அது.

புதன்கிழமைப் பயிற்சியில் பிரான்சிஸ் எழுந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மாசமா நானும் பாக்குறேன். உங்களுக்குச் சுருதி போச்சு. திருவிழாவுல ரிஸ்க் எடுக்க முடியாது. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "போச்சுன்னா? எங்க போச்சு?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்க்கா," என்றார் பிரான்சிஸ். பிறகு எங்களைப் பார்த்து, "என்ன, எல்லாரும் ஓக்கேதானே? ஓக்கேன்னா கை தூக்குங்க."

கைகள் எழுந்தன.

அக்கா தன் பாட்டு ஃபைலை நாற்காலியில் வைத்தார். அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்தார். பிறகு கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து பாடும் வரியைக்கூடப் பாடவில்லை.

அந்த ஃபைல் என் பையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் சனிக்கிழமை மாலை அக்கா வீடு இருக்கும் பொங்கோல் போனேன். கிட்டாரும் முதுகில் இருந்தது. அக்கா வீட்டுக்குள் கூப்பிடவில்லை. கீழே வந்தார். தண்ணீர் ஓரமாக நடந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நீயும்தானே தூக்கின?" என்றார்.

"என்னக்கா?"

"கை."

ஆமாம். தூக்கினேன். இதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்று நேற்று வரைக்கும் நினைத்தேன். அன்று பிரான்சிஸ் கேட்டபோது இரண்டாவதாக எழுந்த கை என்னுடையது. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனின் கை.

"தூக்கினேன்க்கா."

"ஏன்?"

"சுருதி சேரலைக்கா. அது நிஜம்."

அவர் கோபப்படவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. ஏறிய ஒவ்வொரு விளக்கும் தண்ணீருக்குள்ளும் ஒரு தடவை ஏறியது. சைக்கிள்கள் போயின. ஒரு நாய் தன் எஜமானரை இழுத்துக்கொண்டு போனது.

கிட்டாரை எடுத்தேன். வெளியில் ஸ்பீக்கர் ஏது? முழுக் கட்டைக் கிட்டாரை வயர் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. கொசு பேசுகிற மாதிரி இருக்கும். சும்மா விரலை ஓட்டினேன்.

அக்கா கையை நீட்டிக் கிட்டாரின் உடம்பில் வைத்தார். முழு உள்ளங்கையும். கண்ணை மூடினார்.

பாடினார்.

திருவிழாவுக்கான பதிலுரைப் பாடல். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது... நான் காத்திருந்தேன், எப்போது இறங்கும் என்று. இறங்கவில்லை. மேலே போகும் இடத்தில் குரல் ஏறியது, நின்றது, அசையாமல் நின்றது, பிறகு தன் இஷ்டத்துக்கு இறங்கி வந்து என் கார்டின் நடுவில் உட்கார்ந்தது. நான் வாசிக்கிறேனா, அந்தப் பொங்கோல் தண்ணீர் வாசிக்கிறதா என்று தெரியவில்லை. நாயோடு போனவர் திரும்பி நின்றார். நாயும் நின்றது.

முடித்துவிட்டு அக்கா கையை எடுக்கவில்லை.

"பாத்தியா? எங்கயும் போகல," என்றார்.

"அப்ப கோயில்ல என்னக்கா ஆகுது?"

"கோயில்ல நீ வாசிக்கிறது எனக்குக் கேக்கவே இல்ல, தம்பி."

அப்போதுதான் சொன்னார். ஜூரோங்கில் தகடு அடிக்கும் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை. மெஷின் பக்கத்தில். அங்கே காது அடைப்பான் கொடுப்பார்கள், ஆரம்பத்தில் யாரும் போடமாட்டார்கள்.

"மேல் சத்தம் பூரா போச்சு. குக்கர் விசில் கேக்காது. பேத்தி போன்ல கீச்சுன்னு பேசினா புரியாது. கீழ்ச் சத்தம் மட்டும் நல்லா கேக்கும். லாரி வந்தா உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும் லா. உன் பழைய பெட்டி பக்கத்துல இருந்தப்ப அந்த அடிச்சத்தம் என் முட்டியில வந்து இடிக்கும். அதைப் புடிச்சிக்கிட்டே பாடிடுவேன். இப்ப இந்தக் கட்டையில இருந்து ஒண்ணும் வரல. ஸ்பீக்கர்லயும் வரல."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா காது கேக்காத அக்கான்னு உக்கார வச்சிடுவீங்க. சொல்லாமலே வச்சிட்டீங்க."

கொண்டு போன ஃபைலை அவர் மடியில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. சீக்கிரமாகவே கோயிலுக்குப் போய்விட்டேன். ஆங்கிலப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நேராக மிக்ஸருக்குப் போனேன். மைக், கிட்டார், கீபோர்டு எல்லாம் வந்து சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போகிற மேசை அது.

எங்கள் கோயில் மிக்ஸரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே மிக்ஸர். ஆங்கிலம், மாண்டரின் சீனம், தமிழ் என்று மூன்று மொழிப் பூசைக்கும் அதுதான். ஒரு காலத்தில் ஒருவர் திருகி வைத்ததை அடுத்தவர் மாற்ற, பெரிய சண்டை. கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. ஒருவர் திருகி வைத்த குமிழின் மேல் டேப் ஒட்டிவிடுவார். மற்ற மொழிக்காரர்கள் அந்த டேப்பைத் தொடக்கூடாது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு மைக்குக்கும் கருவிக்கும் தனித்தனிக் குமிழ் வரிசை; காலியாக இருக்கும் வரிசையில் வேண்டுமானால் தங்கள் லேபிளை மேலே ஒட்டிக்கொள்ளலாம். கிழிக்கக் கூடாது. மரியாதை!

புதுக் கிட்டார் வந்த அன்று பிரான்சிஸ் ஒரு காலி வரிசையைக் காட்டினார். "இதுல சொருகுங்கண்ணே." சொருகினேன். 'கிட்டார்' என்று தமிழில் எழுதி நானே லேபிள் ஒட்டினேன். அடியில் வேறு லேபிள்கள் இருந்தன. கிழிக்கவில்லை. படிக்கவும் இல்லை.

இப்போது கிழித்தேன். என் தமிழுக்கு அடியில் சீன எழுத்து. அதற்கு அடியில் ஆங்கிலம். 'வாசகர் 2' என்று அர்த்தம்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆங்கிலப் பூசைக்குச் சவுண்ட் பார்க்கும் மிஸ்டர் லிம். அந்த மேசைக்குக் காவல் தெய்வம் மாதிரி.

"யூ பிளக் கிட்டார் ஹியர்?" என்றார். "ஐயோ. திஸ் ஒன் ஃபார் ரீடிங் லா!"

பைபிள் வாசிக்கிறவர்களின் மைக்குக்காக அவர் செட் செய்த வரிசை அது. கோயிலில் வயதானவர்களுக்கு வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அடிச்சத்தத்தை முழுக்க வெட்டி, மேல்சத்தத்தை ஏற்றி, டேப் ஒட்டி வைத்திருக்கிறார். பேச்சுக்கு அது அருமை. கிட்டாருக்கு? கம்பியின் கனத்தையெல்லாம் உருவி எடுத்துவிட்டு வெறும் தோலை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிற வரிசை.

அக்காவுக்குக் கேட்காமல் போனது மேல்சத்தம். நாங்கள் அவருக்குக் கொடுத்தது மேல்சத்தம் மட்டும். மூன்று மாதமாக!

மிஸ்டர் லிம் டேப்பை உரித்தார். ஒரு பட்டனைத் தட்டினார். இரண்டு குமிழைத் திருப்பினார். "பிளே," என்றார்.

இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை கட்டைவிரலால் அழுத்தி விட்டேன்.

கோயில் அப்போது ஏறக்குறைய காலி. மேலே விசிறிகள் சோம்பலாகச் சுற்றின. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் பெஞ்சுகளின் மேல் நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. அந்தச் சத்தம் எழுந்தது. எழுந்து, ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு, அடுத்ததிலிருந்து அடுத்ததற்கு, யாரையும் எழுப்பாமல் நடந்து போனது. கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. கிட்டாருக்குள் அறை இல்லை என்று மூன்று மாதம் புலம்பினேனே... இவ்வளவு பெரிய அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். வரிசை சரியானதும் என் கிட்டார் இப்போது அளவுக்கு மேல் மந்தமாகக் கேட்டது. பின்னே? டின் சத்தத்தை அடக்க நான் செய்த வைத்தியம் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருந்ததே. ட்ரெபிளைத் திரும்ப ஏற்றினேன். இரவல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கையைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன். மூன்று மாத வேலையில் பாதியை அரை மணி நேரத்தில் அவிழ்த்தேன். பேட்டரியும், சமமாக்கிய அந்த வெள்ளைத் துண்டும், அடங்கிய கம்பிகளும்தான் மிச்சம். ஆகவே, கிட்டார்க்காரர்களே, கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அக்காவை வரவழைத்தேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். வந்தார். காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மிஸ்டர் லிம் மேசையில். கோயிலில் வேறு யாரும் இல்லை. வெளியே மழை.

முதல் கார்ட் வாசித்ததும் அக்கா குனிந்து தன் முட்டியைப் பார்த்தார்.

"இடிக்குது," என்றார்.

பிறகு பாடினார். முழுப் பாட்டும். எதையும் தேடவில்லை. கையை எதன் மேலும் வைக்கவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் சும்மா தொங்கின. மழை கூரையில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, அக்காவின் குரல் அதற்குக் கீழே நிதானமாக நடந்தது. நான் கண்ணைத் திறந்துகொண்டே எங்கோ போய்விட்டேன். பாட்டு முடிந்தது தெரியாமல் இன்னும் ஒரு சுற்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துடா," என்றார் அக்கா. சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

மிஸ்டர் லிம் கத்தினார். "ஆன்ட்டி! வெரி நைஸ்! ஒய் யூ ஸ்டாப் சிங்கிங்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

அன்றே பிரான்சிசுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள், டேப், அடிச்சத்தம், காது, எல்லாம். கவனமாகக் கேட்டார். "ஓ, அப்படியா அண்ணே? சரி சரி," என்றார். கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு மெசேஜ் போயிருக்கிறது. 'அக்கா, டெக்னிக்கல் பிராப்ளமாம். இந்த வாரத்திலிருந்து நீங்க வரலாம்.' கைகூப்பிய படம் ஒன்று. அவ்வளவுதான்.

அக்கா எனக்குப் போன் செய்தார்.

"நான் வரமாட்டேன் தம்பி."

"ஏன்க்கா? அதான் சரியாயிடுச்சே."

"மிக்ஸர் சரியாயிடுச்சு. போச்சுன்னு சொன்னது இருபது பேர் முன்னாடி. வான்னு சொல்றது என் போனுக்குள்ளயா? அந்த இருபது பேரு இன்னும் எனக்குச் சுருதி போச்சுன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க. நான் திருவிழாவுல ஏறி நின்னா பாவம்னு விட்டுக் கொடுத்தோம்னு பாப்பாங்க. அந்தப் பார்வையில நான் பாடணுமா?"

"நான் வேணும்னா எழுதட்டுமாக்கா? பேர் போடாம?"



"பேரப் போட்டே எழுது. காதப் பத்தியும் எழுது. கேக்காதது காது. போனது சுருதி இல்ல. அது எல்லாருக்கும் தெரியட்டும்."

அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம். ஒரு குமிழின் மேல் ஒட்டிய டேப்பை உரிக்க ஆயிரம் யோசனை. யாருடைய டேப்போ, சண்டை வருமோ, மரியாதையாக இருக்குமோ... ஒரு மனுஷியைத் தூக்கி ஓரமாக வைக்க? கை தானாக மேலே போகிறது. ஆபீசில் பார்த்திருக்கிறேன். ரெசிடென்ட்ஸ் மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன். எங்கே ஏதாவது சரியாக ஓடவில்லை என்றாலும் முதலில் ஒரு ஆளைத்தான் கழற்றுவோம். மெஷினை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பதிலுரைப் பாடலுக்குப் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அக்கா தினமும் பொங்கோல் தண்ணீர் ஓரம் நடந்துகொண்டு பாடிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் இல்லை என்பார்.

நான் செய்த தப்பு இரண்டு. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் லேபிள் ஒட்டினேன். யோசிக்காமல் கை தூக்கினேன். இரண்டையும் பெயர் போட்டு, அச்சில், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படிக்கிற இடத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

இப்போது உங்கள் முறை, பிரான்சிஸ். எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம். அக்காவுக்குக் கைகூப்பிய படமும் வேண்டாம். வருகிற புதன்கிழமைப் பயிற்சியில், அன்று நின்ற அதே இடத்தில், அதே இருபது பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள்: ஜோசபின் அக்காவுக்குச் சுருதி போனதா, இல்லையா?